வசனம் கிடையாது, நடிகர் பெயர் கிடையாது: காட்சியைச் சொல்கிறேன், படத்தைச் சொல்லுங்கள்

கடைசி வரிசை:
ஒரு வசனத்தைப் போட்டுப் படம் கேட்கும் ஆட்டம் சலித்துவிட்டது. போட்ட அடுத்த நிமிடமே யாராவது இணையத்தில் தேடிப் பதிலை ஒட்டிவிடுகிறார்கள். இந்த முறை வேறு மாதிரி. கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் மட்டும் சொல்வேன். வசனம், நடிகர், ஆண்டு, மொழி எதுவும் வராது. கேள்வி கேட்பவர்கள் எல்லோருக்கும் இதே விதிதான்.

முதல் மூன்று:

1. பெரும் புயல். ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாகப் பெயர்ந்து, தெருவில் நிற்பவன் மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் இடைவெளி சரியாக அவன் தலைக்கு நேரே வருவதால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

2. இரவு. பனி கொட்டுகிறது. குழந்தைகள் பூங்காவில் ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு வயதானவர் தனக்குத்தானே பாடிக்கொண்டிருக்கிறார்.

3. மகளின் கல்யாணம் முடிந்தது. துணையை இழந்த பெற்றவர் வீடு திரும்பித் தனியாக உட்கார்கிறார். படம் முடிகிறது.

ரீல்பெட்டி:
1. ஸ்டீம்போட் பில் ஜூனியர், 1928. பஸ்டர் கீட்டன், தெருவில் நிற்பவரும் அவரே. தந்திரக் காட்சி எல்லாம் கிடையாது, நிஜச் சுவரைத்தான் சாய்த்தார்கள். ஜன்னல் அவர் உடம்பைவிடச் சில அங்குலங்களே அகலம்.

2. இகிரு, 1952. ஜப்பானிய இயக்குநர் குரோசாவா. புற்றுநோய் வந்த அரசு அலுவலர், தான் போராடிக் கட்டவைத்த பூங்காவிலேயே உட்கார்ந்திருக்கும் காட்சி. படத்தில் பெரிய பகுதி பாக்கி இருக்கும்போதே நாயகன் இறந்துவிடுவார். மிச்சக் கதையைத் துக்க வீட்டில் குடித்துக்கொண்டே சக அலுவலர்கள் பேசித் தீர்ப்பார்கள். ஊஞ்சல் காட்சியும் அப்படி ஒருவர் நினைவுகூர்வதாகத்தான் வரும்.

மூன்றாவதைப் பிறருக்கு விட்டுவைக்கிறேன்.

இடைவேளை:
மூன்றாவது, ஜப்பானிய இயக்குநர் ஓசு. லேட் ஸ்பிரிங், 1949. அப்பா தனியாக உட்கார்ந்து ஆப்பிள் தோல் சீவுவார், தலை தொங்கும், அப்புறம் கடல் அலை. இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறீர்களே தல.

மௌனப்படம்:
ஆப்பிள் என்று அவர் சொல்லவே இல்லையே. எனக்கு ஓசுவின் கடைசிப் படம்தான் தோன்றியது. 1962இல் வந்த ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன். மகளைக் கட்டிக்கொடுத்த அன்று இரவு அப்பா குடித்துவிட்டு வந்து சமையலறையில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

ரீல்பெட்டி:
அப்பா என்றும் அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். பெற்றவர் என்றார். லேட் ஆட்டம், 1960. அதில் தனியாக மிஞ்சுவது அம்மா.

கடைசி வரிசை:
ஐயா பிடித்துவிட்டார். அம்மாதான். வேண்டுமென்றேதான் 'பெற்றவர்' என்று எழுதினேன்.

இடைவேளை:
இது போங்கு ஆட்டம். மூன்று பதிலும் சரி என்று ஒத்துக்கொள்ளுங்கள். ஒரே வர்ணனை மூன்று படத்துக்குப் பொருந்துகிறது என்றால் கேள்வியில் கோளாறு. இல்லையென்றால் இயக்குநரிடம் கோளாறு. ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தவரை எந்தக் கணக்கில் மாமேதை என்கிறீர்கள்? தெரியாமல்தான் கேட்கிறேன். இங்கே மசாலா இயக்குநர் ஒருவர் அதே அண்ணன் தங்கை கதையை மூன்றாவது முறை எடுத்தால் கிழித்துத் தொங்கவிடுகிறோம்.

மௌனப்படம்:
நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

மூன்று கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றையும் ஓசுவோடு சேர்ந்து எழுதியவரும் ஒருவரே, கோகோ நோடா. கேமரா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் கீழே இருக்கும். லென்ஸ் ஏறக்குறைய எப்போதும் 50 மில்லிமீட்டர். பிற்காலப் படங்களில் கேமரா நகர்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். எனவே யாராவது வாயால் சொன்னால் மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கும்.

ஆனால் 1949 படத்தில் அப்பாவைத் தனியாக விட்டுப் போகும் மகளாக நடித்தவர் செட்சுகோ ஹாரா. 1960 படத்தில் மகளை அனுப்பிவிட்டுத் தனியாக உட்காரும் அம்மாவும் அதே செட்சுகோ ஹாரா. பதினோரு வருடம் கழித்து அதே முகம், இப்போது மறுபக்கத்தில். முதல் படம் பார்த்தவருக்கு இரண்டாவது படத்தின் கடைசி நிமிடம் வேறொன்றாகத் தெரியும். அம்மா முகத்தில் லேசாக ஒரு புன்னகை வேறு வரும். மசாலா இயக்குநர் திரும்ப எடுப்பது முதல் படம் ஓடியதால். இங்கே நடப்பது வேறு. ஒரே இடத்தில் நின்றுகொண்டு, இப்போது யார் போகிறார், யார் இருக்கிறார் என்று திரும்பவும் பார்க்கிறார்.

இதை ஒரு வரிக் கேள்வியாக எழுத முடியாது என்பது ஓசுவின் குறை இல்லை.

இடைவேளை:
அப்படியானால் அது நடிகைத் தேர்வு. மீதி நோடாவின் எழுத்து. ஓசு கேமராவை இறக்கி வைத்தார், அவ்வளவுதானே?

(கிண்டல்தான், அடிக்க வராதீர்கள்.)

வெட்டி ஒட்டி:
கிண்டலாகக் கேட்டாலும் இது பெரிய கேள்வி. முதல் பதிலிலேயே ஒன்று நழுவிப்போயிற்று. ஸ்டீம்போட் பில் ஜூனியரின் டைட்டிலில் இயக்குநர் என்று வரும் பெயர் சார்லஸ் ரைஸ்னர். ரீல்பெட்டி ஐயா எழுதியது கீட்டன். யாருமே மறுக்கவில்லை, நானும் மறுக்க மாட்டேன், அது கீட்டன் காட்சிதான். அப்படியென்றால் ஒரு காட்சி யாருடையது என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்? டைட்டில் கார்டை வைத்து இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நான் படத்தொகுப்பு மேசையில் பிழைப்பு நடத்துபவன், எனவே என் பங்குக்கு ஒன்று. விதிப்படி:

4. கடல். மேற்பரப்பில் ஒரு மஞ்சள் பீப்பாய் தானாகவே வேகமாக நகர்கிறது. நின்றுவிடுகிறது. பிறகு மூழ்குகிறது.

இடைவேளை:
ஜாஸ், 1975. ஸ்பீல்பெர்க். இதற்கு யோசிக்க என்ன இருக்கிறது.

வெட்டி ஒட்டி:
யோசிக்க ஒன்றும் இல்லை, அதைத்தான் காட்ட வந்தேன். சுறா என்ற சொல்லே என் வர்ணனையில் கிடையாது, பிராணி எதுவும் கிடையாது. ஆனாலும் ஒரு நொடியில் சொல்லிவிட்டீர்கள்.

அந்தப் பீப்பாய் இவ்வளவு நேரம் திரையில் வரக் காரணம், இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் வேலை செய்யாமல் படுத்துக்கொண்டது. சுறாவைக் காட்ட வழியில்லாமல் பீப்பாயையும் தண்ணீரையும் காட்டினார்கள். ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுர இசை மீதியைப் பார்த்துக்கொண்டது. படத்தொகுப்புக்கு வெர்னா ஃபீல்ட்ஸ் ஆஸ்கர் வாங்கினார். கெட்டுப்போன இயந்திரம், ஒரு இசையமைப்பாளர், ஒரு படத்தொகுப்பாளர், பீட்டர் பெஞ்ச்லியின் நாவல். இதில் ஸ்பீல்பெர்க் எங்கே?

என் பதில்: சுறா வராத காட்சிகளை வைத்துக்கொண்டு, "இது போதும்" என்று தீர்மானித்த இடத்தில் இருக்கிறார். நூறு இயக்குநர்களில் தொண்ணூறு பேர் இயந்திரம் சரியாகும்வரை காத்திருந்து, சுறாவை முதல் காட்சியிலேயே காட்டியிருப்பார்கள்.

ரீல்பெட்டி:
இதே ரகத்தில் சைக்கோவைச் சேர்க்கலாம், 1960. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அவர் பேச்சைக் கேட்காமல் வயலின்களை வைத்து எழுதிக்கொண்டு வந்தார். கேட்டதும் ஹிட்ச்காக் மனதை மாற்றிக்கொண்டார். இன்றைக்கு அந்தக் கிறீச்சிடல் இல்லாமல் அந்தக் காட்சியை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. ஸ்டோரிபோர்டு வரைந்தவர் சால் பாஸ். இரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளை என்பதால் தப்பித்தார்கள்.

ஹிட்ச்காக்குக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை, ஐந்து முறை பரிந்துரை மட்டும். இயக்குநர் குப்ரிக்குக்கும் அதே கதை. விருதை வைத்து மேதையைத் தீர்மானிக்கும் வழக்கு இங்கே எடுபடாது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

மழைக்காட்சி:
வணக்கம், பல நாளாக வாசிப்பதோடு நிறுத்திக்கொள்பவள். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

5. வெகுநாள் கழித்து ஊர் திரும்பும் கணவன் வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாக மனைவியிடம் காட்டுகிறான். கடைசியாக ஒரு புடவை. அவள் அதை வாங்கிப் பற்களில் கடித்துக்கொள்கிறாள். உடைந்து அழுகிறாள். அழுகை கேட்கவில்லை. ஒரு வாத்தியம் மட்டும் உச்சத்தில் கேட்கிறது.

மௌனப்படம்:
பதேர் பாஞ்சாலி, 1955. அந்தப் புடவை மகளுக்காக வாங்கியது. மகள் இறந்துபோனது அவனுக்குத் தெரியாது.

மழைக்காட்சி:
ஆமாம். அது வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியமான தார் ஷெனாய். ரவி சங்கர் இசை. 'யாருடையது' என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக நேரான பதில் இந்தக் காட்சி. கதை விபூதிபூஷண் வந்தோபாத்யாயவின் நாவல். நடிப்பு கருணா பானர்ஜியுடையது. இசை ரவி சங்கருடையது. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டால் சத்யஜித் ராய்க்கு மிஞ்சுவது, அந்தத் தாயின் குரலை அணைத்தது. அந்த ஒன்றால்தான் மற்ற மூன்றும் மனதில் நிற்கின்றன. அழுகைச் சத்தத்தோடு வந்திருந்தால் நாம் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்போம். சத்தம் இல்லாததால் அது நம் தொண்டையில் ஏறிக்கொள்கிறது.

இடைவேளை:
சரி, இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. ராயை விட்டுவிடுகிறேன். ஆனால் எல்லாரும் உலக சினிமாவிலேயே சுற்றுகிறீர்கள். தமிழுக்கு வாருங்கள்.

6. பெரிய குளோசப். மேசைமேல் இரண்டு தேநீர்க் கிளாஸ்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பூ.

கடைசி வரிசை:
பரியேறும் பெருமாள், 2018. கடைசிச் சட்டகம்.

வெட்டி ஒட்டி:
நல்ல கேள்வி, ஆனால் ரொம்பச் சுலபம். முழுப்படத்தின் தகராறையும் மேசைமேல் வைத்துவிட்டு மாரி செல்வராஜ் விலகிக்கொள்கிறார். தீர்ப்பு சொல்லவில்லை, இருவரையும் கட்டிப்பிடிக்க வைக்கவும் இல்லை. அடுத்தது?

ரீல்பெட்டி:
நான் ஒன்று கொடுக்கிறேன். இளைஞர்கள் திணறட்டும்.

7. மலை உச்சி. கீழே பாதாளம். மனைவி கணவனைக் கைகூப்பியபடி வலம் வருகிறாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் அவன் பின்னால் வந்ததும் தள்ளிவிடுகிறாள்.

இடைவேளை:
ஐயா, திணறவெல்லாம் இல்லை. மந்திரிகுமாரி, 1950. அந்த மலை ஏறும் பாட்டைக் கேட்காத தமிழன் உண்டா? கொல்லக் கூட்டிப்போகிறான் என்று தெரிந்ததும், சாகும் முன் உங்களை மூன்று முறை சுற்றிவரட்டுமா என்று கேட்பாள். குண்டலகேசி கதை.

ரீல்பெட்டி:
சபாஷ். இப்போது இயக்குநர் யார் என்று சொல்லுங்கள்.

இடைவேளை:
எல்லிஸ் ஆர். டங்கன்.

ரீல்பெட்டி:
பாதி மதிப்பெண். டங்கனோடு மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தின் பெயரும் இயக்கத்தில் வரும். டங்கன் அமெரிக்கர், கடைசிவரை தமிழ் பேசத் தெரியாதவர். 1936இல் சதிலீலாவதி, 1945இல் மீரா, எல்லாம் அவர் எடுத்தவை. எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றியது அந்தச் சதிலீலாவதியில்தான். மொழி தெரியாத ஒருவர் இத்தனை படம் எடுத்திருக்கிறார் என்றால், வசனம் இல்லாமல் காட்சியைச் சொல்லும் இந்த ஆட்டத்துக்கு அவர்தானே குலதெய்வம்?

வெட்டி ஒட்டி:
ஐயா, அங்கேதான் உதைக்கிறது. மந்திரிகுமாரி என்றால் இன்றும் முதலில் பேசப்படுவது கலைஞர் வசனம். டங்கனைப் பற்றிப் பேசுபவர்கள் சினிமா வரலாறு படிப்பவர்கள் மட்டும்தான். அந்தக் காலத் தமிழ்ப் படங்களில் போஸ்டரிலேயே வசனகர்த்தா பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பாட்டுப் புத்தகம் வைத்திருந்தவர்களைப் போல வசனப் புத்தகமும் வைத்திருந்தார்கள். ஒரு படம் இயக்குநருடையது என்ற பேச்சு தமிழில் பரவலானதே ஸ்ரீதர், கே. பாலசந்தர் காலத்தில்தான் என்பது என் கணிப்பு. ஸ்ரீதர் 1962இல் நெஞ்சில் ஓர் ஆலயம் எடுத்தபோது ஏறக்குறைய முழுப் படத்தையும் ஒரு மருத்துவமனை செட்டுக்குள் முடித்தார். அது வசனகர்த்தாவாக வந்தவர் இயக்குநராக யோசித்த முடிவு.

மௌனப்படம்:
ஸ்ரீதருக்கும் முன்னால் 1954இல் அந்த நாள் இருக்கிறது, எஸ். பாலசந்தர். பாட்டே இல்லாத தமிழ்ப் படம், அதுவும் அந்தக் காலத்தில். ஒரு கொலையை ஒவ்வொருவர் சொல்லும் விதத்திலும் திரும்பப் பார்க்கிறோம்.

கடைசி வரிசை:
வசனம் என்று வந்துவிட்டதால் என் விதியையே சோதித்துப் பார்க்க ஒன்று.

8. ஆற்றங்கரையில் ஊரே நிற்கிறது. ஒரு ஆள் தனியாகத் தண்ணீருக்குள் இறங்கிப் போகிறான். அவனுடைய இரண்டு சின்னப் பிள்ளைகள் கரையில்.

மழைக்காட்சி:
உதிரிப்பூக்கள், 1979. மகேந்திரன்.

கடைசி வரிசை:
சரி. படத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், ஆனால் நான் சொன்னதில் காட்சி வந்ததா? இறங்கும் முன் அவன் ஊராரைப் பார்த்து, உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் பேசுவானே, அது இல்லாவிட்டால் ஒரு கெட்டவன் தண்டிக்கப்படும் காட்சியாகத்தான் கேட்கும். வசனத்தைக் குறைத்ததற்காகவே நாம் கொண்டாடும் மகேந்திரனின் புகழ்பெற்ற முடிவு, ஒரு வசனத்தின்மேல் நிற்கிறது.

மழைக்காட்சி:
வசனத்தின்மேல் மட்டும் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவ்வளவு நேரம் பேசாமல் இருந்த படம் என்பதால்தான் அந்தப் பேச்சு தைக்கிறது. மூலம் புதுமைப்பித்தனின் சிற்றன்னை. படித்துப் பாருங்கள், படத்துக்கும் கதைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரியும். ஒரு பொறியை எடுத்துக்கொண்டு மகேந்திரன் வேறு வீடு, வேறு ஊர், வேறு மனிதர்களைச் செய்துகொண்டார். அசோக்குமாரின் ஒளிப்பதிவைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.

இடைவேளை:
அப்படியானால் என் பட்டியல்: மகேந்திரன், பாலு மகேந்திரா, பாரதிராஜா, மணிரத்னம். உலக அளவில் ஹிட்ச்காக், குரோசாவா, ராய். ஓசுவுக்குக் காத்திருப்போர் பட்டியலில் இடம். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கிக்குத் தலையணை.

மௌனப்படம்:
தலையணையா! அவருடைய நாஸ்டால்ஜியாவில் ஒருவன் வற்றிய குளத்தை எரியும் மெழுகுவர்த்தியோடு கடக்கப் பார்க்கும் காட்சியை நீங்கள் முழுசாகப் பார்த்திருந்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள். அணைந்தால் திரும்பவும் தொடக்கத்திலிருந்து. ஏறக்குறைய ஒன்பது நிமிடம், ஒரே ஷாட்.

இடைவேளை:
பார்த்தேன். மூன்றாவது முறை அவன் தொடங்கும்போது நானே போய் ஏற்றிக் கொடுக்கலாமா என்று இருந்தது.

மௌனப்படம்:
பார்த்தீர்களா, உள்ளே இழுத்துவிட்டார்!

வெட்டி ஒட்டி:
பட்டியல் என்றால் ஒன்று. பிரிட்டிஷ் பத்திரிகையான சைட் அண்ட் சவுண்ட் பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுக்கும். 1952இல் முதலிடம் பைசிக்கிள் தீவ்ஸ். 1962 முதல் 2002 வரை சிட்டிசன் கேன். 2012இல் வெர்டிகோ. 2022இல் ஷான்டல் அகர்மனின் ஜான் டீல்மன், 1975 படம். மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். ஒரு பெண் மூன்று நாள் வீட்டு வேலை செய்வதைக் கேமரா அசையாமல் பார்க்கிறது. எடுத்தபோது அகர்மனுக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை.

இந்த ஆட்டத்தின் விதிப்படி அதிலிருந்து ஒரு கேள்வி எழுதினால்: "ஒரு பெண் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள்." யார் கண்டுபிடிப்பார்கள்? ஆனால் படம் பார்த்தவருக்கு, இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோவது ஒரு வீடு இடிவதற்குச் சமம். முதல் நாள் அவள் எதையும் தவறவிடாததை அவ்வளவு நேரம் உட்காரவைத்துக் காட்டியதால் வந்த அதிர்ச்சி அது. சுருக்கிச் சொன்ன கணமே போய்விடும்.

அதனால்தான் இடைவேளை நண்பரின் பட்டியலில் எனக்கு உடன்பாடில்லை. அதில் இருப்பவர்கள் எல்லாரும் சொல்லக்கூடிய காட்சிகளை எடுத்தவர்கள். பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவர்களை வைத்து மேதைகளை எடை போட்டால் ஓசுவும் அகர்மனும் எப்போதும் தோற்பார்கள்.

இடைவேளை:
ஓசுவுக்கு ஆப்பிள், அகர்மனுக்கு உருளைக்கிழங்கு. தோல் சீவினால் மேதை என்று புரிந்துகொள்கிறேன்.

ஆனால் பாலு மகேந்திராவைச் 'சொல்லக்கூடிய' பட்டியலில் போட்டதை நான் ஏற்கவில்லை. வீடு, 1988. பாட்டு கிடையாது. பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகக் கிளம்பிப் போகிறார், சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். சொல்லிவிட்டேன், அரை வரி. படத்தில் சொக்கலிங்க பாகவதர் அந்த அறைகளுக்குள் நடப்பதைப் பார்த்துவிட்டு அரை வரியில் முடியுங்கள் பார்ப்போம்.

வெட்டி ஒட்டி:
வீட்டை நான் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். மகிழ்ச்சிதானே?

ரீல்பெட்டி:
பாலு மகேந்திரா ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் தானே செய்தவர். 'யாருடையது' என்று அவர் படத்தில் கேட்டால் பதில் சொல்வது சுலபம். அதனால்தான் அதிலிருந்து நமக்கு ஒன்றும் தெரியவராது. கஷ்டமான ஒன்று வேண்டும். மழைக்காட்சி அம்மா, உங்களிடம் இருக்கும் போலிருக்கிறதே.

மழைக்காட்சி:
இருக்கிறது.

9. மோட்டார் சைக்கிளில் இரண்டு ஆண்கள். பின்னால் இருப்பவன் கையில் பூந்தொட்டி. இன்னொரு வண்டியிலிருந்து கேமரா அவர்களைப் பின்தொடர்கிறது. அவர்கள் பேசுவது விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. மைக்கில் கோளாறு என்று படக்குழுவினர் சொல்வதும் கேட்கிறது.

மௌனப்படம்:
குளோசப், 1990. ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமி! பின்னால் இருப்பவர், தன்னை இயக்குநர் மக்மல்பஃப் என்று சொல்லி ஒரு குடும்பத்தை நம்பவைத்து வழக்கில் மாட்டியவர். முன்னால் ஓட்டுவது நிஜமான மக்மல்பஃப். நடிப்பவர்கள் எல்லாம் அந்தந்தச் சம்பவத்தில் இருந்த நிஜ மனிதர்கள்.

மழைக்காட்சி:
அந்த மைக் கோளாறு நிஜம் இல்லை. படத்தொகுப்பில் வேண்டுமென்றே வெட்டியது என்று கியாரோஸ்தமியே பின்னர் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு முழுசாகக் கேட்டிருந்தால், வெகுநாள் ஏங்கியவரும் ஏங்கப்பட்டவரும் சந்திப்பதை நாம் ஒட்டுக்கேட்ட மாதிரி ஆகியிருக்கும். குரலை அறுத்து அவர்களுக்கு ஒரு கதவைச் சாத்திக்கொடுத்தார்.

இடைவேளை:
கோளாறு என்று பொய் சொல்லி நம்மை நம்பவைப்பதும், மக்மல்பஃப் என்று பொய் சொல்லி ஒரு குடும்பத்தை நம்பவைப்பதும் ஒன்றுதானே? ஒருவருக்குக் கோர்ட், இன்னொருவருக்குக் கைதட்டல்.

வெட்டி ஒட்டி:
கியாரோஸ்தமி கேட்டிருந்தால் இதைக் கட்டாயம் ரசித்திருப்பார். அந்தப் படமே அந்தச் சந்தேகத்தில்தான் ஓடுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம்: நீதிமன்றக் காட்சியில் அந்த மனிதர் தன்னைப் பற்றிப் பேச முழு நேரமும் கிடைக்கிறது. இஷ்டப்படி வெட்ட முடிந்தும் அங்கே நிதானமாகப் பேசவிடுகிறார். எங்கே வெட்டினார், எங்கே விட்டார் என்று சேர்த்துப் பாருங்கள். மேசையில் உட்கார்ந்தவனுக்கு இது பொறாமை தரும் விஷயம்.

ரீல்பெட்டி:
மழைக்காட்சி அம்மாவின் இரண்டு கேள்வியும் குரலை அணைத்த காட்சிகள். வெட்டி ஒட்டி கொடுத்தது சுறாவைக் காட்டாத காட்சி. மறைத்தவர்களாகவே வந்துகொண்டிருக்கிறார்கள். காட்டிக் குவித்து ஜெயித்தவர் யாரும் இல்லையா? இத்தாலிய இயக்குநர் ஃபெலினி? நம்மூரில் எஸ்.எஸ். வாசன், சந்திரலேகா, 1948, அந்த முரசு நடனம்?

மௌனப்படம்:
வாசனை ஏற்கிறேன். முரசுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிவரும் தருணம்வரை அதுவும் ஒளித்துவைத்த காட்சிதான் என்று வாதாடவும் தயார்.

இடைவேளை:
எதையும் விடாதீர்கள் நீங்கள். சரி, என் முறை.

10. நெடுஞ்சாலை. பழைய டேங்கர் லாரி ஒன்று ஒரு காரைத் துரத்துகிறது. லாரி ஓட்டுபவனின் கையும் பூட்ஸும் தெரிகின்றன. முகம் கடைசிவரை தெரியவில்லை.

ரீல்பெட்டி:
டூயல், 1971. டிவிக்காக ஸ்பீல்பெர்க் எடுத்தது, ஜாஸுக்கு நான்கு வருடம் முன்னால். இயந்திரம் எதுவும் கெட்டுப்போகாமலேயே முகத்தை மறைத்திருக்கிறார், வெட்டி ஒட்டி குறித்துக்கொள்ளவும். அடுத்தது யார்?